ஸம்ஸியா ரீச்சரின் பொறுமை

மௌத்தான கணவனை நினைத்து, பத்து வருஷத்துக்கு மேலாக மறுமணம் செய்யாமல் இருக்கிறார் என்று முசலிக் கரையெங்கும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஸம்ஸியா ரீச்சருக்குப் பெயர். வெள்ளிதோறும் பெண்களுக்கு மார்க்கம் எடுத்துச் சொல்லிப் பயான் செய்யும் சித்தி மரியம், பொறுமை என்று வாயெடுத்தால் ரீச்சரின் கதையில்தான் வந்து நிற்பார். உண்மை என்னவென்றால், அவரை யாரும் பெண் கேட்கவில்லை. புகழ்ந்து புகழ்ந்தே ஒரு மனுஷியைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டை அவர் அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்வது பயானில் வராது.

வீட்டிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்காக அவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களைப் படிக்க நேர்ந்தது. ஒன்றில், வேலைக்காரப் பெண்ணொருத்தி எசமானின் தொல்லைக்கு மசியாமல் கற்பைக் காத்து, கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள். அந்த நாட்டையே உருக வைத்த கதை. உடனே வேறு சிலர், அவள் மசியாததே அவனை வளைத்துப்போடத்தான் என்று நக்கலாகத் திருப்பி எழுதிவிட்டார்கள். ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து நிமிர்ந்தால், சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை. அழுகை வந்துவிட்டது.

தன் கதையையும் அப்படித் திருப்பிச் சொன்னால் என்ன என்று தோன்றியது. பயான் மண்டபத்தின் பலகைச் சுவருக்கு அப்பால் நஸாரின் கடை. மனைவியை இழந்தவர். ரீச்சர் போனால் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போடுவார். அதற்காகவே ரீச்சர் தேவையில்லாத ஆணியெல்லாம் வாங்கியிருக்கிறார். அந்த மனிதரின் காதில் உண்மை விழவேண்டும்.

அடுத்த வெள்ளி ரீச்சர் தானாகவே எழுந்து, சுவருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"என்ர பொறுமையச் சொல்லுறன், கேளுங்கோ. அவர் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிஞ்ச அண்டைக்கே புதுச் சாறி உடுத்துக்கொண்டு வாசலப் பாத்து இருந்தனான். ஒருத்தரும் வரேல்ல. இண்டைக்கு ஆராவது கேட்டாலும் கட்டுவன்."

ஒருத்தியாவது சிரிப்பாள் என்று பார்த்தார். எல்லோரும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன்னை இவ்வளவு தாழ்த்திச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று சித்தி மரியம் தழுதழுத்தார்.

மாலையில் நஸார் ரீச்சரின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். இந்தமுறை ரீச்சர் கதிரையைத் துடைத்துப் போட்டார். பேச்சு முழுவதும் கேட்டதாகச் சொன்னார். தானும் மறுமணம் செய்ய யோசிப்பதாகச் சொல்லித் தயங்கினார்.

"எனக்கு ஒரு பொம்பிளை பாத்துத் தாங்கோ ரீச்சர். நீங்கள் சொன்னா ஆக்கள் கேப்பினம். உங்களப் போல உத்தமியளுக்குப் பக்கத்தில நான் நிக்கேலாது. சும்மா சிரிச்சுக் கதைக்கிற ஆளெண்டாப் போதும்."

ரீச்சருக்கு அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்துக் காட்டவேண்டும் போலிருந்தது. முடியவில்லை. பார்க்கிறேன் என்றார்.