மலையைச் சுற்றி வந்த பிட்டர்

குழாயின் வாயில் முதலில் காற்று சீறியது. பிறகு துருநிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர், அதன் பின்னாலேயே தெளிந்த தண்ணீர். எண்பதுகளின் தொடக்கத்தில், தீபத் திருவிழாவுக்குக் கூட்டம் சேருமுன் கிரிவலப் பாதையில் குடிநீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தோம். டிப்ளமோ முடித்து குடிநீர்த் துறையில் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்ணான எனக்கு அதுதான் முதல் பொறுப்பு. கான்ட்ராக்டர் ஆள் தராமல் இழுத்தடித்ததால், நன்னடத்தைக் கைதிகளைச் சிறையிலிருந்து வேனில் கொண்டுவந்து வேலை வாங்க மேலதிகாரி அரைமனதாய்ச் சம்மதித்திருந்தார். "ஒருத்தன் ஓடினாலும் அத்தோட நிறுத்திடுவேன்" என்பது அவர் நிபந்தனை.

அவர்களில் குழாய் பொருத்தத் தெரிந்த ஒருவரை எல்லோரும் பிட்டர் என்றே கூப்பிட்டார்கள். வெளியே வேலைக்கு வரும் நாளில்தான் சோறு தொண்டையில் இறங்குகிறது என்பார்.

அன்று சோதனை ஓட்டம். செங்கம் சாலையில் வால்வைத் திறந்துவிட்டு, சிறைக் காவலரிடம் கேட்டுக்கொண்டு, பிட்டரை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆதி அண்ணாமலைக்கு அனுப்பினேன். அங்குள்ள கடைசிக் குழாயில் தண்ணீர் வந்ததும் திரும்பி வந்து சொல்ல வேண்டும். மதியம் போனவர் பொழுது சாயும்வரை வரவில்லை. வேன் டிரைவர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். குழாயில் தண்ணீர் இருந்தது, ஆள் இல்லை.

"போச்சும்மா, என் வேலையும் போச்சு" என்று காவலர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். மற்ற கைதிகள் மண்வெட்டிகளைக் கழுவி அடுக்கினார்கள், இனி அவற்றைத் தொடப்போவதில்லை என்பதுபோல. மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன்: அனுப்பியது நான், காவலர்மேல் தவறில்லை, தண்ணீர் கடைசிவரை போய்விட்டது. நான்காவதாக எதுவும் கிடைக்கவில்லை.

அப்போது, போன திசைக்கு நேர் எதிரே, ஊர்ப் பக்கமிருந்து சிறை உடையில் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். தோளில் ரெஞ்சு.

"கடைசி வரைக்கும் தண்ணி வந்துடுச்சும்மா. ஒழுகல் இல்ல."

காவலர் பாய்ந்து எழுந்தார். "யோவ், போன வழியே திரும்பி வர்றதுக்கு என்னய்யா?"

"பாதி மலை சுத்திட்டு எப்படிங்க திரும்பறது? முழுசா சுத்திட்டேன்."

வெளியூர்க்காரரான காவலர் விழித்தார். எங்கள் ஊரில் வலம் போகிறவர் பாதியில் திரும்புவதில்லை.

"அப்போ பஸ் ஸ்டாண்டு வழியாவா வந்தே? இந்த டிரஸ்ஸோட?" என்றார் காவலர்.

"வேற வழி ஏதுங்க? வேலூர் பஸ்காரன் ஏறுறியான்னு கூட கேட்டான். நமக்கு வேன் நிக்குதுன்னுட்டேன்."

முதலில் சிரித்தது காவலர்தான். "அண்ணனுக்குப் புண்ணியம், நமக்குப் பட்டினி" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

மேலதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பேச்சு வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், பிறகு சிறைக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை வேன் வந்தது. முன்சீட்டில், காவலருக்குப் பக்கத்தில் பிட்டர். அதன் பின்னாலேயே, நாங்கள் கேட்காத இன்னொரு வேனும் வந்து நின்றது, நிறையக் கைதிகளோடு.