கல்யாண அடுக்கும் கேத அடுக்கும்

எங்கள் வீட்டில் பாட்டுகளை அடுக்கி வைத்தது நான்தான். படத்தின் பெயரையோ பாடியவர் பெயரையோ பார்த்து அடுக்கவில்லை. எந்த வீட்டில் ஒலிக்க வேண்டிய பாட்டு என்று பார்த்து அடுக்கினேன். இன்றைக்கும் யாராவது ஓர் அலமாரியைக் காட்டி அடுக்கச் சொன்னால் அப்படித்தான் செய்வேன். இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தபோது கேசட்டுகள் எல்லாம் உரச்சாக்கில் கிடந்தன. கூப்பிட்ட ஊருக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். போன இடத்தில் தரையில் கவிழ்த்து, கிளறி, கையில் கிடைத்ததைப் போடுவார்.

எங்கள் பக்கம் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். காட்டில் பருத்தி எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவார்கள், அது சடங்கு வீடா, காதுகுத்தா, கல்யாணமா, இல்லை கேத வீடா என்று. சாவு விழுந்த வீட்டைத்தான் நாங்கள் கேத வீடு என்போம். அந்த வீட்டுக்கென்று தத்துவப் பாட்டும் அழுகைப் பாட்டும் தனியாக உண்டு. ஆக, பாட்டு மாறிப்போனால் சேதியே மாறிப்போகும். கல்யாண வீட்டில் ஒரு தடவை கேதப் பாட்டு ஒலித்துவிட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

அவருக்கு இந்தக் கவலையே கிடையாது. எனக்கோ அவர் லோடு ஏற்றிக் கிளம்பினாலே அதே நினைப்புத்தான். வாசல் வரை பின்னாலேயே போவேன்.

"கேதப் பாட்டு எதுவும் கலந்துறலையே?"

"இல்ல."

"ஒருக்கா அவுத்துப் பாத்துருங்களேன்."

"போற காரியம் வெளங்குன மாதிரிதான். ஒன் வாய வச்சுக்கிட்டு உள்ள போ."

உள்ளே போவேன், திரும்பி வருவேன். இது சரிப்படாது என்று ஒருநாள் எல்லாச் சாக்கையும் கொட்டினேன். ஏழாவதோடு நின்றவள் என்றாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், எண் தெரியும், அது போதும். உள்வீட்டுச் சுவரில் ஒரு சிமெண்ட் அலமாரி. அதில் மாமியாரின் பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றைக் கெஞ்சிக் கேட்டு இறக்கிப் பரணில் ஏற்றிவிட்டு, மேல் அடுக்கில் சாமிப் பாட்டு, அடுத்ததில் கல்யாணம், அதற்குக் கீழே சடங்கும் காதுகுத்தும், பிறகு ஊர்ப் பொங்கலுக்கு ஆட்டம் போடுகிற பாட்டு என்று வைத்தேன். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி உள்வீடு வரைக்கும் வரும் என்பதால் முன்னால் பழைய வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டேன்.

கேதப் பாட்டைக் கையில் எடுத்ததும்தான் மாமியார் எழுந்து வந்தார்.

"ஏத்தா, அத எங்க கொண்டு போற?"

"கடேசி அடுக்குல வைக்கலாம்னு அத்தை."

"வெளக்கேத்துற வீட்டுக்குள்ளயா? பாடையில போறவுகளுக்குப் போடுற பாட்ட என் தலமாட்டுல வைக்கப் போறியா? கொட்டகையில வையி."

கொட்டகை என்பது வாசலுக்கு வெளியே குழாய், கயிறு, மூங்கில், தார்ப்பாய் எல்லாம் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை. சித்திரையில் அதற்குள் கை வைத்தால் கொப்புளிக்கும். எனக்கு அப்போதே தெரியும், அது கேசட்டுக்கு ஆகாது என்று. ஆனால் புதிதாக வந்த மருமகள் எவ்வளவுதான் பேச முடியும்? ஒரு தகர டப்பாவில் போட்டு, ஈரச் சாக்கை மேலே சுற்றி அங்கேயே வைத்தேன்.

நான் பயந்தபடிதான் ஆனது. எம்.ரெட்டியபட்டியில் ஒரு பெரியவர் தவறிய வீட்டில் நாடா இளகி, பாடுகிறவரின் குரல் இழுத்து இழுத்து, கடைசியில் மாடு கத்துவது போல ஆகிவிட்டதாம். பந்தலில் இருந்த ஒருவர், "ஏலே, பாடுறவருக்கும் மேலுக்குச் சரியில்ல போலயே, அவரையும் சேத்துப் பாத்துக்கங்கப்பா" என்றிருக்கிறார். மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்களாம். இவர் வந்து சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மாமியார் அசையவில்லை. கேதப் பாட்டு வருஷா வருஷம் கொட்டகையில் வெந்தது, நான் வருஷா வருஷம் புதிதாகப் பதிந்து வாங்கி வரச் சொன்னேன்.

இப்படியே ஓடியிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் சி.டி. வந்தது.

திருச்சுழிப் பக்கத்துக்காரர் ஒருவர், துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர், தன் சி.டி. பிளேயரையும் ஒரு பெரிய சூட்கேஸ் நிறையப் பாட்டுகளையும் என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டார். சூட்கேஸைத் திறந்தபோது உள்வீடே பளிச்சென்று ஆனது. எனக்கு அன்றைக்கே கவலை பிடித்துக்கொண்டது. கேசட் என்றால் நாம் வேண்டிய பாட்டை மட்டும் பதிந்துகொள்ளலாம். இது கடையில் வாங்கியபடியே வருவது. ஒரு படத்தில் இரண்டு காதல் பாட்டு, ஒரு கல்யாணப் பாட்டு, நடுவில் ஓர் அழுகைப் பாட்டு என்று இருந்தால் சி.டி.யிலும் அப்படித்தான் இருக்கும். இதை எந்த அடுக்கில் வைப்பது?

மாமியாருக்கு அதில் சந்தேகமே இல்லை. "அழுகுற பாட்டு ஒண்ணு இருந்தாலும் அது கேதப் பாட்டுதான். மொத்தத்தையும் கொட்டகைக்குக் கொண்டு போ."

வெயிலில் கேசட்டாவது இளகும், இது அப்பளம் மாதிரி வளைந்துவிடும். வளைந்தால் போச்சு, பதிந்து வாங்கி வரவும் முடியாது. அன்றைக்குத்தான் அவரிடம் முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன்.

"ஒரு வாரம் பொறுங்க அத்தை. அழுகைப் பாட்டு எது எதுன்னு நான் கண்டுபிடிச்சுக் கட்டிப் போட்டுருதேன்."

"பாட்டக் கட்டிப் போடுவியா? நீ ஆடு மேய்க்கவா வந்த?"

துபாய்க்காரர் கொடுத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அடுப்பில் உலை கொதிக்கும்போதும் கேட்டேன், அரிசி புடைக்கும்போதும் கேட்டேன். அழுகைப் பாட்டு வந்தால் பிளேயரில் சிவப்பாகத் தெரியும் எண்ணைப் பார்த்து, அந்த டப்பாவின் முதுகில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் அந்த எண்ணை எழுதினேன். புள்ளி இருந்தால் அந்த எண்ணைத் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கே ஒரு தடவை சொன்னதும் புரிந்துவிட்டது என்றால் அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மாமியார் டப்பாக்களின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்தப் பாட்டுல ஒரு வரி இந்த வீட்டுக்குள்ள கேட்டுச்சு, அன்னைக்கே எல்லாம் கொட்டகைக்குப் போயிரும்."

"கேக்காது அத்தை."

கேட்காமல்தான் இருந்தது, ஆயுத பூஜை வரைக்கும்.

பூஜையன்று நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆம்பிளிஃபயரையும் குழாய்களையும் துடைத்து வைத்தார். சந்தனமும் குங்குமமும் வைப்பது மாமியார் வேலை. சாமி கும்பிட்டுச் சூடம் காட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன், கல்யாண அடுக்கில் வைத்திருந்த சி.டி. டப்பாக்கள் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றன. ஒன்றைத் திறந்தேன். சி.டி. திரும்பிக் கிடந்தது. கண்ணாடி மாதிரி மின்னுகிற பக்கத்தில், ஓட்டைக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அடுத்ததைத் திறந்தேன், அதிலும். அந்த அடுக்கு முழுக்க.

"அத்தை! உள்ளயா பொட்டு வச்சீக?"

"மூடுன பெட்டிக்கு மேல வச்சா உள்ள இருக்குறதுக்கு எப்படித் தெரியும்? ஒன் பாட்டுன்னு நான் ஒண்ணையும் விட்டுறல."

"எழுத்து இருக்குற பக்கம் வச்சிருக்கக் கூடாதா? இந்தப் பக்கந்தான் பாடும்."

"மொகம் தெரியுதுல்ல, அதுதான் மொகம்னு நெனச்சேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

உடனே துடைக்கவும் வழியில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் சாமி கும்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை புத்தகத்தைக்கூடத் தொட மாட்டோம். அந்த வருஷம் பூஜை ஐப்பசியில் வந்ததால் நாலாம் நாளே மல்லாங்கிணற்றில் ஒரு கடைக்காரர் வீட்டுக் கல்யாணம், சி.டி.யில்தான் பாட்டுப் போட வேண்டும் என்று கேட்டு ஒப்புக்கொண்டது. சந்தனம் நிமிஷத்துக்கு நிமிஷம் காய்ந்து இறுகுவதை மனசில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சுண்டலில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் தேங்காய் பழம் உடைத்துக் கும்பிட்ட கையோடு வேலையில் இறங்கினேன். கேசட்டில் தண்ணீர் பட்டால் தீர்ந்தது. இது என்ன ஆகுமோ? யாரும் கேட்காத ஒரு படத்தின் சி.டி.யை எடுத்துத் தாம்பாளத்துத் தண்ணீரில் போட்டேன். சந்தனம் ஊறிக் கரைந்தது. பாத்திரம் துலக்குகிற பழக்கத்தில் வட்டமாகத் துடைத்ததில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. அதனால் அடுத்ததிலிருந்து மாமியாரின் பழைய நூல் சேலையைக் கிழித்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஒற்றி ஒற்றி எடுத்தேன். குங்குமம் நறநறக்கும், அதை ஊறவிட்டுத்தான் தொட வேண்டும். துடைத்ததை எல்லாம் நிழலில் கயிற்றுக் கட்டிலில் பரப்பினேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார், பிள்ளைக்கு விசிறுவது போல.

பிறகு ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹெட்போனை எடுத்தேன்.

"அத வையி" என்றார். "நீ காதுல மாட்டிக்கிட்டு நல்லாருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்புறது? வச்சது நானு. எனக்குக் கேக்கணும்."

பெட்டி ஸ்பீக்கரில் போட்டேன். காதல் பாட்டு துல்லியமாகப் பாடியது, அடுத்ததும் பாடியது. சிவப்புப் புள்ளி எண் நெருங்கியதும் தாண்டிவிடக் கையை நீட்டினேன்.

"என்ன செய்யுற?"

"அது அந்தப் பாட்டு அத்தை."

"தெரியுது. பொட்டு அதுலயுந்தான பட்டுருக்கும்? ஓட விடு."

"நீங்கதான சொன்னீக, வீட்டுக்குள்ள ஒரு வரி..."

"சொன்னேன். ஓட விடு."

அழுகைப் பாட்டு உள்வீட்டில் ஒலித்தது. முழுசாக ஒலித்தது. மாமியார் விசிறியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். அது முடிவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்துவிட்டார்.

"என்ன பெரியம்மா, யாரும் தவறிட்டாகளா?"

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம். பெட்டி பாடுதான்னு பாக்குறோம். வந்தது வந்துட்ட, ஒக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

அவரும் உட்கார்ந்தார். எத்தனையோ அழுகைப் பாட்டு வந்தது, ஒன்றையும் மாமியார் தாண்ட விடவில்லை. முதலில் கீறல் விழுந்த சி.டி. மட்டும் ஓரிடத்தில் விக்கியது. அதைத் தனியே வைத்தேன். பாட்டு கெடவில்லை, சரி. ஆனால் வரி கேட்டுவிட்டதே? கொட்டகையா, அலமாரியா? கேட்கப் பயந்து காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவைச் சீண்டுகிற குரலில், "அப்ப எல்லாத்தையும் கொட்டகைக்குத் தூக்கிறவாம்மா?" என்றார்.

"மல்லாங்கிணத்துக் கல்யாணம் முடியட்டும். அப்புறம் பேசிக்கிருவோம்."

கல்யாணத்துக்கு நானும் போனேன். மைக் செட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவின் முதுகையும் பார்த்து நானே எடுத்துக் கொடுத்தேன். புள்ளி வைத்த எண் ஒன்றுகூட ஒலிக்கவில்லை, எந்தப் பாட்டும் நிற்கவில்லை. தாலி கட்டி முடித்ததும் பெண்ணின் தகப்பனார் வந்து, "பாட்டு யாரு எடுத்துக் குடுக்குறது? வரிசை பிசகாமப் போகுதே" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார். நான் அடுத்த டப்பாவைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மாமியார் எழுந்து அலமாரித் திரையை விலக்கினார். கடைசி அடுக்கில் காலியாகக் கிடக்கிறதே என்று திரும்ப வைத்திருந்த இரண்டு பித்தளைச் செம்புகளையும் குத்துப்போணியையும் வெளியே எடுத்தார்.

"ஏத்தா, பொட்டு வச்சுச் சூடம் காட்டுனதக் கொண்டுபோயி வெளிய போடச் சொல்லுவேனா? எல்லாம் இங்கனயே இருக்கட்டும். அழுகுற பாட்டு உள்ள பாடியும் ஒண்ணும் கொறைஞ்சு போகலயே. கொட்டகையில வேகுதே, அதுகளையும் கொண்டா."

"கேதப் பாட்டையா அத்தை?"

"அதுகளத்தான். கடேசி அடுக்குல வையி. மொகம் சாமியப் பாக்காம சொவரப் பாத்து இருக்கட்டும்."

கேசட்டுகளைத் தகர டப்பாவோடு தூக்கி வந்தேன். டப்பா கையைச் சுட்டது. ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயர் எழுதிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பித் திருப்பி அடுக்கினேன்.