நடுத்தட்டு ஊசி

மகளின் ஊசி மருந்தைப் பற்றி கணவரின் தாயான மாமியிடம் உண்மையைச் சொன்னதுதான் நான் செய்த பிழை.

மகளுக்கு ஆறு வயது. முழங்கால் மூட்டுகளில் வாதம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது வரும் என்பது அவளுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். போன வருடம் கண்ணகி அம்மன் சடங்குக்கு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். அதற்குப் பிறகு மட்டக்களப்பில் டொக்டர் ஒரு ஊசியை ஆரம்பித்தார். இரண்டு கிழமைக்கு ஒன்று. மொனோகுளோனல் பிறபொருளெதிரி. மூட்டை வீங்க வைக்கும் ஒரேயொரு பொருளைத் தேடிப் பிடித்து மடக்குகின்ற புரதம். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோது அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். இப்போது அது எங்கள் பிரிட்ஜின் நடுத்தட்டில், தயிர்ச் சட்டிக்கும் இறால் பொதிக்கும் நடுவே இருந்தது.

அந்த மருந்து இரண்டு வகையாக வந்தது. முதலில் கண்டுபிடித்த கொம்பனியுடையது ஒன்று. அதன் காப்புரிமை முடிந்த பிறகு வேறொரு கொம்பனி அதைப்போலவே செய்தது மற்றது. ஆஸ்பத்திரியில் மற்றதை இலவசமாகத் தந்தார்கள். "ரெண்டும் ஒரே வேலதான் செய்யும்," என்றார் டொக்டர். நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வெளி வாங்குப் பலகையில் கழுத்துப்பட்டியோடு வியர்த்துக்கொண்டிருந்தவர் முதல் கொம்பனியின் பிரதிநிதி.

"அதப்போல எண்டா அதுதான் எண்டு அர்த்தமில்ல மிஸ்," என்றார் மெதுவாக. "நம்மட பிள்ளைக்கு எண்டா நாம ஒறிஜினலத்தானே பாப்பம்?"

அவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கட்டாரில் இருக்கும் கணவரைக் கூப்பிட்டு ஒறிஜினல்தான் வேண்டும் என்றேன். அவர் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளிலும் வேலைக்குப் போகத் தொடங்கினார். கொம்பனி எங்களுக்கு ஒரு குளிர்ப் பையை அன்பளிப்பாகத் தந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பனியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரான குருக்கள்மடத்தின் வெயிலில் அந்தப் பையோடு பஸ்ஸால் இறங்கும்போதெல்லாம், நல்ல தாய் என்ற பட்டத்தையே தோளில் தொங்கவிட்டிருப்பதாக எனக்குப் படும். அந்தக் கொம்பனி எலியின் உயிர்க்கலங்களை வைத்து மருந்து செய்தது. என் பயத்தை வைத்து வியாபாரம் செய்தது. இரண்டுமே நன்றாக வளர்ந்தன.

இந்த வைகாசியில் சடங்கு நெருங்கியது. அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. மாமி அடுப்படியில் பானைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"பிரிட்ஜிக்க இருக்கிற அந்த ஊசிய என்னத்திலகா செய்யிற?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மருந்தோடு வரும் துண்டுப்பிரசுரத்தை ஒவ்வொரு மாதமும் வரி விடாமல் வாசிப்பவளால் அப்படிச் சொல்ல முடியுமா?

"சீன எலி ஒண்டுட சூலகத்தில இருந்து எடுத்த கலங்கள வளர்த்து, அதில இருந்து எடுக்கிற மாமி."

மாமியின் கை நின்றது. "எலியா?"

"எலி இல்ல மாமி. அந்த எலி எப்பவோ செத்திட்டு. கலம் மட்டும்தான் தொட்டியில வளருது."

"செத்த எலி," என்றார் மாமி. நான் விளக்க விளக்க விஷயம் மோசமாகியது.

அடுத்த நாள் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தேன். வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளேயும் மஞ்சள் மணம். இறால் இல்லை. நடுத்தட்டில் ஒரு வேப்பிலைக் கொத்து மட்டும் இருந்தது.

"மாமி, ஊசி எங்க?"

"மச்சத்தோட மச்சமாப் பக்கத்து வீட்டுல குடுத்து வச்சிருக்கன். பயப்பிடாத, அங்க இங்கயவிடக் குளிர்."

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் அண்ணன் மீன் வியாபாரி. வேதக்காரக் கிறிஸ்தவர் என்பதால் சடங்கு விரதம் அவருக்கு இல்லை. முற்றத்தில் நின்ற, மீனுக்கு ஐஸ் போடும் பெரிய ரெஜிபோம் பெட்டியைப் பெருமையோடு திறந்து காட்டினார்.

"பிள்ளைட மருந்தெண்டு அம்மா சொன்னவ. அடியில உப்புப் போட்ட ஐஸ், மேலயும் உப்பு ஐஸ், நடுவில மருந்து. பாரைக்குட்டிக்கும் நான் இவ்வளவு போடுறல்ல தங்கச்சி. நாலு நாளைக்கு அசையாது."

அசையவில்லைதான். ஊசியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே மருந்து கட்டியாக நின்றது. இந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. உறைந்தால், உருகிய பிறகும் பாவிக்கக்கூடாது. அந்த வரியைப் பிரசுரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் பாரைக்குட்டியை வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய மனிதரிடம் ஐஸ் கூடிவிட்டது என்று எப்படிச் சொல்வது? "நல்லது அண்ணன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேசையில் வைத்ததும் உருகியது. தெளிவாக, பழையபடியே இருந்தது. கெட்டுப்போன முட்டையாவது மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது அதுகூடச் செய்யவில்லை. போட்டால் என்ன? போடாவிட்டால் என்ன? அடுத்த நாள் ஊசி நாள்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, குளுத்திக்கு நான் நடந்துதான் வருவன் என்ன?"

குளிர்த்தி என்பது சடங்கின் கடைசி நாள், அம்மனைக் குளிர வைக்கும் நாள். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஊசி தவறினால் மூட்டு எப்போது வீங்கத் தொடங்கும் என்று பிரசுரத்தில் இல்லை.

கொம்பனியின் உதவி இலக்கத்தை அழைத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் நான்கு தடவை சொன்னது. பிறகு ஒரு பெண் பேசினார். உறைந்ததைப் பாவிக்க வேண்டாம். புதியது அடுத்த மாதம்தான் வரும். உறைய வைத்தவர் எமது நோயாளர் உதவித் திட்டத்தில் பதிவு செய்தவரா?

"இல்ல. அது பக்கத்து வீட்டு மீன்கார அண்ணன்."

அழைப்பு எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அழுத்தச் சொன்னார்கள். நான் நான்கை அழுத்தினேன். அந்தப் பெண்ணின் மனம் நோகக்கூடாதல்லவா.

மாமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "நான் அம்மாளுக்குப் பயந்துதான் செஞ்சன் புள்ள. இந்த விரதமே அவள்ற காலுக்குத்தானே புடிக்கன்." அதற்கு மேல் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். டொக்டர் சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். "இதத்தானே மிஸ் நான் முதல்லயே தந்தன்," என்று மற்றக் கொம்பனியின் பெட்டியை எடுத்தார். ஒரு ஊசி அங்கேயே போட்டார்கள். ஒறிஜினலுக்கு அழுத அதே சத்தத்தில்தான் மகள் இதற்கும் அழுதாள். இரண்டாவது ஊசியை வீட்டுக்குத் தந்தார்கள். அதை, வேறு பை இல்லாததால், பனியில் ஓடும் பிள்ளையின் பைக்குள்தான் கொண்டுவந்தேன்.

பஸ்ஸில் புதிய பிரசுரத்தைப் படித்தேன். அதே சீன எலி. அதே சூலகம்.

மாமி வாசலிலேயே நின்றார். பையைப் பார்த்தார். "இதுவும் எலியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்லாமல் விட்டேன். "இது வேற கொம்பனி மாமி."

மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி," என்றார். பெட்டியை வாங்கி, செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலைக் கொத்தை ஒதுக்கிவிட்டு நடுத்தட்டில் வைத்தார். மகள் அவர் பின்னாலேயே நடந்து போய் பிரிட்ஜின் கதவைச் சாத்தினாள்.

நான் பிரசுரத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரைப் பற்றி அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.