‘ஆனா’ சார்

சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது. விழவில்லை, போடப்பட்டது. இத்தனை வருட இல்லறத்தில் அந்த வித்தியாசம்கூடத் தெரியாதவரா ‘ஆனா’ சார்?

கையிலிருந்த கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய். எதிரே நாற்காலி நுனியில் மனைவியின் தம்பி. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, தானே செய்த உலையில் அவன் எடுத்த எண்ணெய் அது. அதைவிடப் பல மடங்கு பெரிய உலை கட்டத்தான் வங்கியில் கடன் கேட்டிருக்கிறான்.

புதுத் தொழில்நுட்பம் என்று யார் வந்து கடன் கேட்டாலும், போட்ட பணம் திரும்புமா, முழுகுமா என்று வங்கிக்கு எடைபோட்டுச் சொல்வது இவர் உத்தியோகம். “திட்டம் நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று தொடங்குவார். அந்த ஆனாவில் சரிந்த மனக்கோட்டைகள் ஏராளம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் “சம்மதம்தான், ஆனா...” என்றாராம், அலுவலகத்தில் இப்படி ஒரு கேலி உண்டு. குடை வாங்கப் போனால் கடைக்காரன் முகம் சுளிக்கும்வரை விரித்து மடக்குவார். வாசல் கதவைத் தாழிட்டபின் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். “கதவு கையோட வந்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்” என்பாள் மனைவி.

ஆலையைப் பார்க்கப் போனால் இயந்திரத்தின் பக்கம் திரும்பமாட்டார். நேரே பின்புறம் போவார். “விருந்தாளி முன்னாடி மெஷின் ஒழுங்காத்தான் ஓடும். குப்பைக்கு நடிக்கத் தெரியாது.”

மைத்துனன் விஷயம் என்பதால் ஒதுங்கிக்கொண்டு, கடன் கோப்பை வேறொரு அதிகாரியிடம் கொடுத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், அவன் கொட்டகையின் பின்புறம் போனார். குப்பையே இல்லை. ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினார். கரி.

“ஒரே ஒரு தடவை தீப்பிடிச்சுது அத்தான். உடனே அணைச்சாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“அது சின்ன உலை மாப்ள. பக்கத்துல நீ ஒருத்தன்தான் நின்ன. பெருசுல எத்தனை பேர் நிப்பாங்க?”

“வால்வெல்லாம் மாத்தியாச்சு. அந்த அதிகாரிக்குச் சுவர் விஷயம் தெரியாது. நீங்க கையெழுத்துகூடப் போட வேணாம், பேசாம இருந்தா போதும். என் வீடு, அக்கா நகை, எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. இந்த ஒரு தடவை அந்த ஆனாவை முழுங்கிடுங்க.”

மனைவி சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். வளையல் இல்லாத கைகளை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

“அம்மா போனப்புறம் அவனை இடுப்புலயே சுமந்து வளர்த்தவ நான். உங்ககிட்ட இதுவரைக்கும் எதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. குப்பியை மேஜையில் மெல்ல வைத்தார்.

“இல்லம்மா. நீ ஒண்ணுமே கேட்டதில்ல. ஆனா...”

மைத்துனன் எழுந்தான். குப்பியை எடுக்கவில்லை. அவன் பின்னாலேயே அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது.

வழக்கம்போல் அவர் கை தாழ்ப்பாள்வரை போயிற்று. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு, தாழிடாமலே இறங்கியது.