தலையணை எந்த ஊரில்?

கஸ் ஃபுர்டாடோவுக்கு அந்த வீட்டை விற்றவள் நான்தான். மாசசூசெட்ஸில் ஹார்லோ, வென்ஃபீல்ட் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் இரண்டு ஊர்களிலும் வசதிக்குக் குறைவில்லை. அரசுப் பள்ளிகளும் அதற்கேற்ற மாதிரிதான். பாஸ்டனில் வேலை பார்க்கும் வக்கீல்களும் டாக்டர்களும் இங்கே வீடு பார்க்க வருவதில்லை, பள்ளி பார்க்கத்தான் வருகிறார்கள். ஹார்லோ உயர்நிலைப் பள்ளியில் நீச்சல் குளம், வென்ஃபீல்டில் டெலிவிஷன் ஸ்டுடியோ. எது உசத்தி என்று கேட்டால் நாற்பது நிமிடம் விடாமல் பேசுவேன். அன்றைக்கு எந்த ஊரில் வீடு விற்க வேண்டுமோ, அந்த ஊர்ப் பள்ளிதான் உசத்தி. இருபத்திரண்டு வருடமாக என் வீட்டுத் தரகுப் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

கஸ் வாங்கிய வீடு பதினோரு மாதம் விலை போகாமல் என் உயிரை எடுத்தது. காரணம், ஊர் எல்லை அந்த வீட்டுக்குள் குறுக்கே ஓடுகிறது. குடிதண்ணீர் ஹார்லோவிலிருந்து வரும், சாக்கடை வென்ஃபீல்டுக்குப் போகும். அந்த வீட்டில் குளிக்கிறவர் இரண்டு ஊருக்கும் கடமைப்பட்டவர். கஸ் வந்தார். சமையலறையைப் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக நிலவறைக்குப் போய்க் குழாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"எல்லாம் செம்புக் குழாய். வாங்கிக்கிறேன்" என்றார்.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் என்னிடம் வீடு வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். கஸ்ஸின் அப்பா நியூ பெட்ஃபோர்டில் மீன்பிடிப் படகில் போனவர். இவர் தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்துக்கொண்டார். பிளம்பர். வேலை செய்யும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், ஒரு பாட்டும் முழுதாகத் தெரியாது. இருப்பது போதும் என்று இருக்கிற ஆட்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அதனாலோ என்னவோ, அவர் எங்கள் வீட்டுக்கு வந்து போனாலே எனக்கு மனசு லேசாகிவிடும்.

மகள் லிடியா பிறந்தபோது தொட்டிலை மாடி அறையில் வென்ஃபீல்ட் பக்கச் சுவரோரம் போட்டார்கள். பிள்ளை எந்த ஊரில் தூங்குகிறதோ அந்த ஊர்ப் பள்ளி என்பது சட்டம். ஆகவே லிடியா வென்ஃபீல்ட் பிள்ளை ஆனாள். அந்த ஊர்ப் பள்ளிகள் எல்லாமே நாலு மைல் தள்ளி. ஒரு பிள்ளைக்காக அந்தக் கோடிக்குப் பள்ளிப் பேருந்து வராது. அவள் அம்மா நோரீன் நர்ஸ், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். எனவே ஒன்பது வருடமாக லிடியாவை வேனில் கொண்டுபோய் விட்டது கஸ்தான்.

என் கார் பழுதாகிக் கிடந்த இரண்டு வாரம் அந்த வேனில் நானும் தொற்றிக்கொண்டு போனேன். பின்னால் குழாய்கள் கடகடக்கும். போர்த்துகீசிய இனிப்பு ரொட்டி ஒன்றை இரண்டாகப் பிய்த்து அப்பனும் மகளும் தின்றுகொண்டு வருவார்கள். இருபது நிமிடமும் கஸ் டிராஃபிக்கைத் திட்டித் தீர்ப்பார். எத்தனை திட்டு என்று லிடியா விரல்விட்டு எண்ணுவாள். பள்ளி வாசலில் இறங்கும்போது, "இன்னிக்கி ஏழு" என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டு ஊர் அதிகாரிகளும் சேர்ந்து எல்லையை நடந்து பார்ப்பது எங்கள் மாநிலத்துப் பழைய வழக்கம். எல்லைக் கற்களில் வருடத்தை எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு கல் கஸ்ஸின் கொல்லையில் இருப்பதால், அங்கே காபியும் டோனட்டும் நிச்சயம். இந்த ஏப்ரலில் வந்தவர்கள் புது அளவுக் கருவி கொண்டுவந்திருந்தார்கள். டோனட் தின்ற தெம்பில் வீட்டுக்குள்ளும் அளந்தார்கள். கோடு லிடியாவின் அறைக்குள் போய், சரியாகக் கட்டிலுக்கு நடுவே விழுந்தது.

குளிர்காலத்தில் ஹீட்டர் குழாய் மாற்றுவதற்காகக் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டவர் கஸ்தான். புதுக் குழாய் சூடாக இருக்கிறதென்று திரும்பத் தள்ளவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். தலை ஒரு ஊரில், கால் ஒரு ஊரில் என்றால் பிள்ளை எந்த ஊர்? இரண்டு ஊர் வக்கீல்களும் மூன்று வாரம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில், தூக்கம் தலையில் இருக்கிறது, காலில் இல்லை என்று தீர்ப்பானது. தலையணை எந்தப் பக்கமோ அந்த ஊர். திங்கட்கிழமை நாலு மணிக்கு அதிகாரிகள் வந்து பார்த்து எழுதிக்கொள்வார்கள். செப்டம்பரில் லிடியா உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருவில் மக்கள் வயிறெரிந்தார்கள். வீட்டை விற்று, கடன் வாங்கி, ஒரு பள்ளிக்காக அல்லாடுகிறவர்கள் நடுவே இந்தப் பிளம்பருக்கு இரண்டும் வாய்த்தது. ஆளுக்கொரு புள்ளிவிவரம் கொண்டுவந்து கொட்டினார்கள். நானும் கொட்டினேன். கஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுப் பாத்திரத் தொட்டியைச் சரிசெய்ய வந்தார். ஹார்லோ பள்ளிதான் நல்லது என்று மகளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நீச்சல் குளத்துக்காகவா என்றேன்.

"வீட்லேர்ந்து பத்து நிமிஷம், நடந்தே போயிடலாம் ட்ரூடி. பதினாலு வயசுப் பொண்ணு அப்பன் குழாய் வண்டியில போய் எறங்கினா நல்லாவா இருக்கும்? நான் வென்ஃபீல்டுன்னு வாயத் தெறந்தா எனக்காக அங்கயே போவா. அதான் முந்திக்கிட்டேன்."

"உனக்கு எது வேணும்?"

"எனக்கென்ன. ஒரு இருபது நிமிஷம்தானே போகுது" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டார். குழாய் எப்போதோ சரியாகிவிட்டது. வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை, பாட்டு முணுமுணுப்பும் இல்லை.

மறுநாள் என் நாயை நடத்திப்போக லிடியா வந்தாள். தலையணையை ஹார்லோ பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னாள். நீச்சல் அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன்.

"தண்ணின்னாலே எனக்கு ஆகாது. அப்பாவுக்கு அந்த டிராஃபிக் ஒழியும்ல. ஒம்போது வருஷமா எனக்காகத்தானே திட்டு வாங்குது அந்த ரோடு." நாயின் வாரைக் கையில் சுற்றினாள். "இனிமே ரொட்டி முழுசையும் அவரே சாப்பிடலாம்."

வீட்டு விலையைத் தவிர வேறு எந்த ரகசியமும் என் வாயில் தங்காது. பாத்திரத் தொட்டிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் சுற்ற வேண்டிய நாயை நாலே நிமிடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு நானும் அங்கே போய் நின்றேன். அழைப்பெல்லாம் கிடையாது, ஒரு கேக் கொண்டுபோனேன். கஸ் அதிகாரிகளை மாடிக்குக் கூட்டிப்போனார். ஹார்லோ என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். தலையணை வென்ஃபீல்ட் பக்கம் இருந்தது.

யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி கஸ் அதைக் கையில் எடுத்தார்.

"அப்பா, அத அங்கயே வை" என்றாள் லிடியா.

"ஹார்லோன்னா நடந்தே போயிடலாம்மா."

"தெரியும்."

"வண்டியில கிரீஸ் நாத்தம் அடிக்கும்."

"அதுவும் தெரியும்."

"டிராஃபிக்கு வேற..."

"நீ திட்டு. நான் எண்ணிக்கிறேன்."

கஸ் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"சார், நீங்க அதைக் கீழ வெச்சாத்தான் நான் எழுத முடியும்" என்றார்.

கஸ் வைத்தார். இரண்டு முறை தட்டிச் சரிசெய்தார். வென்ஃபீல்ட் பக்கம்.