கிழங்குக்கு வந்த மவுசு

புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவன் முதலில் தேடிக்கொள்ள வேண்டியது பொறுமையை. தொண்ணூறுகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்காக மலாக்கா தோட்டங்களில் செடி பிடுங்கித் திரிந்தவன் நான். இந்த மாதிரி வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

வரவேற்பு

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மர நிழலில் கெலாடி திக்குஸ் என்ற சின்னக் கிழங்குச் செடி மண்டிக் கிடந்தது. புற்றுநோயை எதிர்க்கிற சத்து அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பேராசிரியரோடு வருவதாக தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

போய்ப் பார்த்தால் தரை மொட்டை. அண்ணன் களைக்கொல்லி அடித்து, பெருக்கி வேறு வைத்திருந்தார். பேராசிரியர் என்னை முறைத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனோ, மனைவி லெட்சுமி அக்கா கலக்கிய தேத்தண்ணியைச் சிரித்த முகமாக நீட்டினார்.

"புரொபசர் வராருன்னு சொன்னீங்க. காடா கெடந்தா நமக்குத்தான அசிங்கம் லா?"

வியாபாரம்

ஆற்றோரம் தப்பித்திருந்த செடிகளை மழையில் நனைந்தபடி அள்ளிப் போனோம். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்களில் கொஞ்சத்தை அந்தச் சாறு கொன்றது. அவ்வளவுதான். சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் தட்டில் இருப்பது சாகும். மனித உடம்பு தட்டு இல்லை.

அதற்குள் புக்கிட் காத்தில் என்ற ஊரின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் ஒருவன் அதே கிழங்கை அரைத்துப் போத்தலில் அடைத்து, 'யூனிவர்சிட்டி கண்டுபிடித்த கேன்சர் மருந்து' என்று அட்டை மாட்டியிருந்தான். யாரைக் கேட்டு எழுதினாய் என்று சண்டைக்குப் போனேன். அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

"நல்லா பாத்துக்குங்க, கண்டுபிடிச்ச சாரே வந்துட்டாரு."

அக்காவின் கேள்வி

மறுபடி தோட்டத்துக்குப் போனபோது அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். லெட்சுமி அக்காவுக்கு மார்பில் கட்டி. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அக்கா போகவில்லை. அடுப்படியில் அந்தப் பசார் மாலாம் போத்தல்கள். மாதக்கணக்காகக் குடிக்கிறாராம், கட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது.

விற்றவன் மேல் இருந்த கோபத்தை எல்லாம் அக்கா மேல் கொட்டினேன். இது மருந்தே இல்லை, யார் பேச்சைக் கேட்டுக் குடித்தீர்கள் என்று கத்தினேன். அக்கா நிதானமாகக் கேட்டார்.

"மருந்து இல்லன்னா, கொட்டற மழையில நீங்க எதுக்குத் தம்பி கோணி கோணியா அள்ளிட்டுப் போனீங்க?"

புற்றுநோய்க்கு மருந்து தேடி அலைந்த அத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அன்றைக்கே அக்காவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்ததுதான், இவ்வளவு தாமதமாகவா கூட்டிவருவது என்று டாக்டரிடம் திட்டு வாங்கியதும் நானேதான்.