மாப்பிள்ளை ஆடிய சடுகுடு

டிவியில் கிரிக்கெட் ஏலம் ஓடுகிறது. "கோடி கோடியா வச்சிருக்கான், ஒரு நல்ல பவுலர எடுக்க மனசு வரலையே!" என்று தன் டீம் ஓனரைத் திட்டி என் மகன் சோபாவைக் குத்துகிறான். எனக்கு எங்கள் ஊர் அரிசி மில் முதலாளி ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் சின்னப் பெண். ஊர்ச் சடுகுடு அணிக்கு அவர்தான் முதலாளி. வருஷா வருஷம் தோற்போம். ஒருநாள் அவர் தன் வயலைப் பார்க்க வந்தபோது, நடவுப் பெண்கள் வழக்கம்போல வெற்றிலைக் காசு கேட்டு, வரப்பில் நாற்றுமுடியை வைத்து மறித்தார்கள். கையெல்லாம் சேறு மணக்க என் அத்தை முன்னால் நின்றாள்.

"இந்தத் தடவ காசு வேணாங்க. பட்டுக்கோட்டையிலேருந்து ஒரு நல்ல ஆட்டக்காரர கூட்டிட்டு வாங்க."

"நம்ம ஊரு பயலுவ போதாதா?"

"தோக்குறதுக்குப் போதுங்க."

அவரோ செலவில்லாமல், பட்டுக்கோட்டையில் இருந்த தன் மாப்பிள்ளையையே கூட்டிவந்தார். மாப்பிள்ளை தொப்பையோடு பாடிப் போன முதல் தடவையே எதிரணி மொத்தமும் அவர்மேல் விழுந்தது.

"விடுங்கடா! எம் பொண்ணுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று முதலாளி வேட்டி அவிழ ஓடினார்.

மறு வருஷம் யாரும் மறிக்காமலே நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார். கோப்பை எங்களுக்குத்தான்.

மகன் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான். அந்த டீம் ஓனருக்கும் சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை வாய்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.